புதுப்பிப்பு: முயல் சாப்பிடவில்லை, தாடை நனைந்தே இருந்தது – காரணம் கடைவாய்ப் பல்

மூன்று வாரம் முன்பு, என் முயல் புல்லைத் தொடாமல் எச்சில் வடிக்கிறது, புழுக்கை சிறுத்துவிட்டது என்று இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பார்த்த மருத்துவர் முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். "கடைவாய்ப் பற்களை மயக்கம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் பலித்தது. முயலின் 28 பற்களில் 22 உள்ளே இருப்பவை, வெளியிலிருந்து தெரியாது. முயல்களைப் பார்த்துப் பழகிய வேறொரு மருத்துவரிடம் போனோம். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று முள்ளாக வளர்ந்து நாக்கின் ஓரத்தைக் கிழித்திருந்தது. படம் காட்டினார், அந்தச் சிவந்த கோட்டைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார், வேர்கள் நன்றாகவே இருந்தன. முள்ளைத் தேய்த்துவிட்டார்.

நான் எதிர்பாராதது, மயக்கத்துக்கு முன் பட்டினி போடக் கூடாது என்றார். முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடல்தான் நிற்காமல் ஓட வேண்டுமாம்.

அப்புறம் ஐந்து நாள் வலி மருந்து, சிரிஞ்சில் கூழ். மூன்றாம் நாள் காலை ஒரு புல் இழையைத் தானே இழுத்து மென்றது. இப்போது தாடை காய்ந்திருக்கிறது, எடையும் ஏறுகிறது. பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.