மறு: குவார்ட்டர், குவார்ட்டர்ஸ்: இந்தப் பன்மைக்குப் பெயர் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஜெராக்ஸுக்குப் போக வேண்டும். 'எஸ்' சேர்ந்ததும் வேறு பொருள் தரும் பெயர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? கஸ்டம் வழக்கம், கஸ்டம்ஸ் சுங்கம். எஸ்டேட் பிள்ளைகள் ஆதலால் குவார்ட்டர் கால் பங்கு, குவார்ட்டர்ஸ் குடியிருப்பு என்றதும் பிடித்துக்கொண்டார்கள். வென்லாக் டவுன்ஸில்தான் தடுமாற்றம். 'வென்லாக் நகரங்கள்' என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. இது ஊரைக் குறிக்கும் டவுன் (town) அல்ல, 'டி' எழுத்தில் தொடங்கும் டவுன் (down). டவுன் என்றால் பறவையின் மென்தூவி. டவுன்ஸ் என்றால் பைக்காரா போகும் வழியில் பார்க்கிறோமே, அந்தப் புல்மேடுகள். 'பொருள்மாறு பன்மை' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

குன்னூரிலிருந்து:
அம்மா, 'பொருள்' குழப்பும். குட்ஸ் என்பதற்கும் பொருள்கள் என்றுதானே எழுதுவீர்கள்? 'திரிபன்மை' போதும். வினைத்தொகை, வாயில் நிற்கும்.

உதகையிலிருந்து:
> 'திரிபன்மை' போதும்
வேண்டாம் ஐயா. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சியில் படித்த பிள்ளை எழுத்துத் திரிவதாகவே நினைக்கும். நம்மிடமே இது உண்டு: அடி என்றால் பாதம், அடிகள் என்றால் துறவி. இளங்கோவடிகளைச் சொல்லித் தொடங்குங்கள். 'கள்' ஈறு மரியாதைக்கு வந்த வழியை அவர்கள், நீங்கள் வரை தொடரலாம். கையேட்டில் 'நாட்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புறநானூற்றில் கபிலர் 'நாட்கள்' என்றது காலையில் குடிக்கும் கள்ளை. நாள்கள் என்பதே சரி.

குன்னூரிலிருந்து:
நாட்கள் என்றே ஊர் முழுக்க எழுதுகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம். வெள்ளி நெருங்குகிறது.

கூடலூரிலிருந்து:
ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டோம். கஸ்டம்ஸ் பழைய பொருளைக் கைவிடவில்லை. 'படுகர் கஸ்டம்ஸ்' என்றால் சுங்கமா? வழக்கங்கள்தான். குவார்ட்டர்ஸும் அப்படியே, மூன்று குவார்ட்டர்ஸ் என்றால் முக்கால். பொருள் மாறவில்லை, இன்னொன்று கூடுகிறது. 'மாறு' என்று கற்பித்தால் அடுத்த பாடத்திலேயே பிள்ளை தவறும். 'கூடுபொருட் பன்மை' என்று வையுங்கள்.

உதகையிலிருந்து:
நல்ல அவதானிப்பு. ஆனால் 'கூடு' என்றதும் பறவைக் கூடு நினைவுக்கு வரும். 'மிகுபொருட் பன்மை'?

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'பொருள்மாறு பன்மை'க்கே ஆதரவு அதிகம். கேட்டதும் புரிகிறது என்கிறார்கள். அதையே போடுகிறேன். அடிகள் முதல் எடுத்துக்காட்டு. படுகர் கஸ்டம்ஸ் அடிக்குறிப்பில்.

கூடலூரிலிருந்து:
அம்மா, அடிக்குறிப்பைப் பிள்ளைகள் படிப்பதில்லை. பெயர் எதுவானாலும் அந்த ஒரு வரியையாவது பாடத்துக்குள் ஏற்றிவிடுங்கள். 'மாறு' எனக்கு இன்னும் உடன்பாடில்லை.