புதுப்பிப்பு: ஆயில் சொட்டிய டிரெயின் போல்ட்

சர்வீஸுக்கு விட்டு வாங்கியதிலிருந்து பைக்கின் டிரெயின் போல்ட்டில் (எஞ்சினுக்கு அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) ஆயில் சொட்டுகிறது, இன்னும் இறுக்கலாமா என்று கேட்டிருந்தேன். இறுக்கவில்லை; நல்லதாகப் போயிற்று. கழற்றினால் கிரேங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) மரை சுருள் சுருளாக போல்ட்டோடு வந்தது. கேஸ் அலுமினியம், போல்ட் எஃகு, எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நசுங்கிய பழைய வாஷரையே திரும்பப் போட்டு, கசிவை நிறுத்த முரட்டுத்தனமாக முறுக்கியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

லேத் பட்டறையில் ஹெலிகாயில் (மரை போன துளைக்குள் புது மரையாக வைக்கும் கம்பிச் சுருள்) போட்டாயிற்று. அதே 12 மி.மீ. போல்ட்தான். பட்டறைக்காரர் மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவி வெட்டினார் (உலோகத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்), அப்புறம் கொஞ்சம் ஆயில் ஊற்றி உள்ளே அலசியும் விட்டார். செம்பு வாஷர் புதிது. போல்ட்டை முதலில் கையாலேயே திருகி, கடைசியில் மட்டும் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். இப்போது தரையில் ஒரு சொட்டு இல்லை.