மோலன்பியோடோப்: 'காற்றுவரத்து வெளி' பொருந்துமா?

> "ஆலைச் சூழல்" என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாகப் புரியும்.

வணக்கம் ஐயா. மோலன்பியோடோப் என்ற டச்சுச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் நீங்கள் சொன்ன 'ஆலைச் சூழல்' பற்றி எழுதுகிறேன்.

எளிதாகப் புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஆலைச் சூழல் என்றதும் நம்மவர்களுக்குப் புகையும் சாயக்கழிவும்தான் நினைவுக்கு வரும். நெதர்லாந்தில் மோலன்பியோடோப் என்பது, பழைய காற்றாலையின் இறக்கைகளுக்குத் தடையின்றிக் காற்று வந்து சேர வேண்டிய சுற்றுப்பரப்பு. மோலன் என்றால் ஆலை; பியோடோப், அதாவது வாழிடம், என்ற உயிரியல் சொல்லை அவர்கள் இரவல் வாங்கியிருக்கிறார்கள். நாமும் அதே வழியில் 'ஆலை வாழிடம்' என்றால் காவலாளி குடியிருப்பு என்று எண்ணுவார்கள்.

ஸ்கீடாம் நகரத்தைப் பாருங்கள். ஜெனீவர் மது வடிக்கத் தானியம் அரைத்த ஆலைகள் அங்கே வீடுகளுக்கு நடுவே நின்றன. கூரைகளைத் தாண்டினால்தான் காற்று. அதனால் 1803இல் எழுந்த டி நோர்ட் ஆலையின் உச்சி 33 மீட்டருக்கும் மேல். உயரத்தில் ஆலையைச் சுற்றி ஓடும் மரமேடையில் நின்றுதான் ஆலைக்காரர் இறக்கைகளில் துணிப்பாய் விரிப்பார், தலைப்பகுதியைக் காற்றின் திசைக்குத் திருப்புவார்.

தென் ஹாலந்து மாகாண விதி ஆலையைச் சுற்றி 400 மீட்டரைக் கணக்கில் கொள்கிறது. முதல் 100 மீட்டருக்குள் கட்டடமோ மரமோ, செங்குத்தாக நிற்கும் இறக்கையின் கீழ்நுனியை விஞ்சக் கூடாது. அதற்கப்பால் திறந்த நிலத்தில், தொலைவில் நூறில் ஒரு பங்கு உயரம் கூட்டிக்கொள்ளலாம்: 300 மீட்டரில் 3 மீட்டர். மரம் காற்றை மறைப்பதோடு நிற்பதில்லை, சுழலவும் விடுகிறது. வீச்சு ஒரே சீராக இல்லாமல் இறக்கைகள் அதிர்ந்தால் அச்சும் பற்சக்கரமும் சும்மா இருக்குமா?

நீர்வரத்து நமக்குப் பழகிய சொல். வரத்துக்காலை மறித்து வீடு கட்டினால் கண்மாய் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே 'காற்றுவரத்து வெளி' என் பரிந்துரை. பரிந்துரையாக முன்பு வந்த 'காற்றுப்பிடிப்புப் பகுதி'யும் நன்றாகத்தான் இருக்கிறது. படித்ததும் சுக்குக் கஷாயம் தேடத் தோன்றுவதுதான் சிக்கல்.

---

> ஆகவே 'காற்றுவரத்து வெளி' என் பரிந்துரை.

'காற்றுவரத்து' அருமை, தம்பி. 'வெளி'தான் உறுத்துகிறது. நீங்கள் காட்டிய ஸ்கீடாமிலேயே வெளி ஏது? 'காற்றுவரத்து எல்லை' என்றால் ஊருக்கும் வயலுக்கும் பொருந்தும், அந்த 400 மீட்டரும் உள்ளே வந்துவிடும். மறுப்பு இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். அந்த மரமேடையை அவர்கள் ஸ்டெல்லிங் என்கிறார்கள். அதற்குச் 'சுற்றுமேடை' போதுமா?