ஒரு பக்கம் மட்டும் வியர்க்கும் தலைவலி: உங்கள் அனுபவம் என்ன?

இரவுப்பறவை:
வலியைவிட அந்த வியர்வைதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. வலது புருவத்துக்கு மேலே முத்து முத்தாக அரும்பும். நடு நெற்றியில் கோடு கிழித்தாற்போல இடது பக்கம் காய்ந்தே கிடக்கும், அதுவும் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது. கூடவே வலது கண் சிவந்து நீர் கொட்டும், அந்தப் பக்க மூக்கு அடைத்து ஒழுகும், இமை பாதி இறங்கிவிடும். மூக்கு ஒழுகியதால் சைனஸ் என்றே பல வருடம் மருந்து ஓடியது.

நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வலிக்கும்போது படுப்பீங்களா, நடப்பீங்களா?" நான் நள்ளிரவில் மொட்டைமாடியில் நடக்கிறவன். மைக்ரேன்காரர்கள் பெரும்பாலும் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார்களாம். எனக்கு இருப்பது கிளஸ்டர் தலைவலி, ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி விட்டுவிட்டுத் தாக்கும் கடும் வலி. முகத்து வலியைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பு கிளர்ந்தால், மூளைத்தண்டு வழியாக அதே பக்கத்துத் தானியங்கு நரம்புகளும் சேர்ந்து கிளம்பிவிடும். கண்ணீரும் மூக்கொழுகலும் அதனால்தான். அந்த வியர்வைக்குப் புழுக்கமோ பயமோ காரணமில்லை என்று தெரிந்ததே பாதி நிம்மதி.

தென்றல்:
அண்ணா, எனக்கும் இதே கூத்துதான், இடது பக்கம். ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கும், ஒரே நாளில் பல தடவை வரும். கிளஸ்டர் 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை இருக்குமாம், என்னுடையது பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியா என்ற வேறு வகைத் தலைவலி. இண்டோமெதசின் என்ற வலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், வலி சுத்தமாக நின்றது. அது நிற்பதே நோயை உறுதி செய்கிறது என்றார் டாக்டர். வயிற்றைப் பதம் பார்க்கும் மாத்திரை, தானாக வாங்கிப் போடாதீர்கள்.

கடைக்குட்டி:
அப்பாவுக்கு கிளஸ்டர். வலி வந்ததும் சுவாசிக்க வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. மூக்கில் செருகும் குழாய் போதாது. பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 12 லிட்டர், கால் மணி நேரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பீடி பிடிப்பவர் என்பதால் அந்த அறையில் தீப்பெட்டிக்குத் தடை. அப்புறம், வலி வராமல் தடுக்க வெரபமில் மாத்திரை. அதை ஆரம்பிக்கும் முன் ஈசிஜி எடுத்தார்கள்.

இரவுப்பறவை:
ஒன்று விட்டுப்போனது. முதல் தடவையாக ஒரு பக்க இமை தொங்கி, கண்மணி சிறுத்து, கழுத்தும் வலித்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தாலும் இப்படியே இருக்கும். எனக்கு ஸ்கேன் எடுத்ததும் அதைப் பார்க்கத்தான்.