இத்தாலியன் மேனுவல்ல ‘திராட்சைக்கொடி’ன்னு வருது, எந்தப் பார்ட்டுங்க?

கப்பலூர்_மெயின்டனன்ஸ்:
பழைய இத்தாலியன் பேக்கிங் மிஷின். கியர்பாக்ஸ் படத்துல ஒரு பார்ட்டுக்கு ‘வீத்தே சென்சா ஃபீனே’ன்னு பேர். போன்ல மொழிபெயர்த்தா ‘முடிவில்லாத திராட்சைக்கொடி’ங்குது. பக்கத்துல ‘தூவே ப்ரின்ச்சிபி’, ‘மோதுலோ 2’, ‘தேஸ்த்ரா’. தேஞ்சு போச்சு. மதுரையிலயே கியர் கட்டிங்குக்குக் கொடுக்கணும், என்ன சொல்லிக் கொடுக்கிறது?

திருநகர்_டர்னர்:
அது வார்ம் ஷாஃப்ட்டுங்க, பல் வீலைச் சுத்த வைக்கிற, மரை வெட்டின தண்டு. லத்தீன்ல ‘வீட்டிஸ்’னா திராட்சைக்கொடி. கொடியோட பற்றுக்கம்பி குச்சியில சுருள் சுருளா ஏறும்ல, அதை வச்சு ஸ்க்ரூவுக்கும் அதே பேராச்சு. இத்தாலியன்ல இன்னைக்கும் ரெண்டுக்கும் ‘வீத்தே’தான். பிரெஞ்சுல ஸ்க்ரூவுக்கு ‘வீஸ்’; நம்ம பட்டறை மேசையில மாட்டுற வைஸ் அங்கிருந்து இங்கிலீஷ் வழியா வந்த பேர்.

‘சென்சா ஃபீனே’ன்னா முடிவில்லாத. சாதா ஸ்க்ரூவுல நட்டு கடைசி வரை போயி நின்னுடும். வார்ம் சுத்தச் சுத்த வீல் ஓடிக்கிட்டே இருக்கும். பிரெஞ்சு, ஸ்பானிஷ்லயும் ‘முடிவில்லாத ஸ்க்ரூ’தான். இங்கிலீஷ்காரன் புழுன்னான், ஜெர்மன்காரன் ‘ஷ்னெக்கே’, அதாவது நத்தைன்னான். வேலையைச் சரியாச் சொல்றது இத்தாலியன் பேர்தான்.

எல்லீஸ்நகர்_டூல்ரூம்:
ஆர்டர் கொடுக்கிறப்ப ‘தூவே ப்ரின்ச்சிபி’யை விட்டுறாதீங்க. ‘ப்ரின்ச்சிபியோ’ன்னா தொடக்கம். ரெண்டு தொடக்கம், அதாவது ரெண்டு மரை பக்கத்துப் பக்கத்துல சுத்திப் போற டபுள் ஸ்டார்ட் வார்ம். பழைய ஷாஃப்ட்லயே பார்த்துக்கலாம்: ஒரு மரை மேட்டு மேல மார்க்கர் வச்சு ஒரு முழுச் சுத்து கோடு போடுங்க. அடுத்த மேட்டுல வந்து நின்னா சிங்கிள். ஒண்ணைத் தாண்டி நின்னா டபுள்.

மாடுல்ங்கிறது பல்லோட அளவைச் சொல்ற எண். மாடுல் 2னா அச்சு வாக்குல பிட்ச், அதாவது ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைவெளி, 2 × 3.1416 = 6.28 மி.மீ. டபுள் ஸ்டார்ட்னால லீடு, அதாவது ஒரு முழுச் சுத்துல மரை நகர்ற தூரம், 12.57. வீல்ல 40 பல்லுன்னா ரேஷியோ 20:1, வார்ம் 20 சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்து. சிங்கிளா வெட்டிட்டா 40:1 ஆகி மிஷின் பாதி வேகத்துல ஓடும். அதைவிட மோசம், மரையோட சாய்வு வீல் பல்லோட சேராது. ஓரத்துல மட்டும் உரசி, சூடேறி, வெண்கல வீலைத் தின்னுடும்.

‘தேஸ்த்ரா’ன்னா வலது. ஷாஃப்ட்டைச் செங்குத்தா நிறுத்தினா மரை வலப்பக்கமா மேலேறணும். இடதுன்னா ‘சினீஸ்த்ரா’ன்னு இருக்கும். எண்களுக்கு நடுவுல கமா வந்தா அது தசமப் புள்ளி: ‘1,5’னா ஒண்ணரை.

கப்பலூர்_மெயின்டனன்ஸ்:
ரொம்ப நன்றிண்ணே. மேனுவல், மார்க்கர் கோடு ரெண்டுமே டபுள்னு காட்டுது. பார்ட் லிஸ்ட்ல ‘தாதோ’ன்னு வர்றது நட்டா?

திருநகர்_டர்னர்:
ஆமா. ‘தாதோ’ன்னா தாயக்கட்டை, சதுர நட்டு அப்படித்தான இருக்கும். ஜெர்மன்ல நட்டுக்கு ‘முட்டர்’, அம்மான்னே பேர். போர்ச்சுகீஸ்ல ‘போர்க்கா’, பெண் பன்றிக்கும் அதே சொல். இங்கிலீஷ் ‘ஸ்க்ரூ’வும் பழைய பிரெஞ்சுல நட்டுக்கு இருந்த சொல்லுலருந்து வந்தது, அதுக்கு மூலம் லத்தீன்ல பெண் பன்றியைக் குறிக்கிற ‘ஸ்க்ரோஃபா’ன்னு சொல்றவங்க உண்டு.

நட்டு வாங்கினா ஸ்பேனர் சைஸைப் பாருங்க. பழைய ஐரோப்பிய மிஷின்ல எம்10க்கு (10 மி.மீ. மரை) 17 மி.மீ. ஸ்பேனர், எம்12க்கு 19. இப்ப ஐஎஸ்ஓங்கிற சர்வதேச அளவுல வர்றது 16, 18. மரை ஒண்ணுதான், மாட்டிக்கலாம். ஆனா 17 ஸ்பேனரை 16 நட்டுல போட்டு முறுக்கினா மூலை வழுக்கி உருண்டுபோகும்.