‘மீனாட்சி’யில் எத்தனை எழுத்து? தொடக்கப் பாடத்தில் எவ்வளவு சொல்வது?

கேள்வி

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காகப் பைத்தான் நிரல்மொழிப் பாடங்களைத் தமிழில் எழுதிவருகிறேன். சரங்களை, அதாவது நிரலில் வரும் எழுத்துத் தொடர்களை, பற்றிய பாடத்தில், ‘லென் என்னும் செயற்கூறு ஒரு சொல்லில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு மாணவி ‘மீனாட்சி’ என்று தட்டெழுதியதும் 4 வரவேண்டிய இடத்தில் 8 வந்து நின்றது. யூனிகோடு (எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் குறிகளின் பட்டியல்), யூடிஎஃப்-8 (அந்தக் குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை), இயல்பாக்கம் (ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறித்திருந்தால் ஒரே விதமாக்குவது) ஆகியவற்றை விளக்காமல் அந்த வரியை எழுதியதே பிழை என்கிறார் பாடத்தைப் படித்துப்பார்த்த நண்பர். அவ்வளவையும் விளக்கப் புகுந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கத்தோடு பாடத்தை மூடிவிடுவார்கள். எங்கே நிறுத்துவது?

மறுமொழி 1

நண்பர் கண்ட குறை சரி. அவர் சொல்லும் மருந்துதான் அளவு மீறியது. சொல்லாமல் விடுவதும் தவறாகச் சொல்வதும் ஒன்றல்ல. ‘லென், சரத்தின் நீளத்தைத் தரும்’ என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ‘எழுத்து’ என்று எழுதியதால்தான், எழுத்து என்றால் என்னவென்று ஆரம்பப் பள்ளியிலேயே கற்றுவிட்ட மாணவியின் முன்னால் பாடம் பொய்யாகிறது. இயல்பாக்கம் இப்போது வேண்டாம். ‘கொ’வை இரண்டு குறிகளாகவும் மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம், திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் தேடல் நிரல் எழுதும் நாளில்தான் அது உறைக்கும்.

மறுமொழி 2

இதில் பாதியைத்தான் ஏற்கிறேன். ‘நீளம்’ என்று பொதுவாகச் சொல்லி நழுவினால், 8 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும். கைப்பேசியில் ‘மீ’ என்று தட்டிவிட்டு அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான விசைப்பலகைகளில் மேலே உள்ள சுழி மட்டும் போய் ‘ம’ நிற்கும். கணினி அவற்றை இரண்டு குறிகளாக வைத்திருக்கிறது, பைத்தான் 3 அந்தக் குறிகளை எண்ணுகிறது என்று இரண்டு வரி போதும். ம, மேல்விலங்குச் சுழி, ன, துணைக்கால், ட, புள்ளி, ச, மேல்விலங்கு என்று கரும்பலகையில் பிரித்து எழுதினால் எட்டும் கண்ணுக்குத் தெரியும். யூடிஎஃப்-8இல் இதே பெயர் 24 பைட்டுகள் என்பது இங்கே தேவையில்லை.

மறுமொழி 3

‘உயிரும் மெய்யும் சேர்ந்தது உயிர்மெய், ஆகவே மீ இரண்டு’ என்று இலக்கணத்தோடு முடிச்சுப் போட ஆசை வரும். நானே ஒருமுறை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். இலக்கணத்தில் ‘ம்’ அடிப்படை. அதனோடு ‘அ’ சேர்ந்தால் ‘ம’. யூனிகோடில் இது தலைகீழ்: ‘ம’ ஒரே குறி, அதோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘ம்’. ஆகவே இலக்கணப்படி மீனாட்சியைப் பிரித்தால் ஏழுதான் வரும். முதல் எடுத்துக்காட்டில் பொருந்தி அடுத்ததில் கவிழும் விளக்கத்தைவிட ‘இதைப் பிறகு பார்ப்போம்’ என்ற வரியே மேல். தமிழ் எழுத்துகளாகவே எண்ண விரும்புவோருக்கு ஓபன்-தமிழ் நிரலகம் இருப்பதை அடிக்குறிப்பில் சொல்லலாம்.

கேள்வி கேட்டவர்

அழிப்பு விசைச் சோதனையைச் சேர்த்துவிட்டேன். வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘ஒரு சொல்லைக் கணினி எத்தனை குறிகளாக வைத்திருக்கிறது என்பதை லென் தரும். தமிழில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியோ இரண்டு குறிகளோ ஆகும்.’

மறுமொழி 3

‘இரண்டோ அதற்கு மேலோ’ என்று திருத்திவிடுங்கள். ‘ஸ்ரீ’க்கு நான்கு குறிகள்; வகுப்பில் ஒரு ஸ்ரீராம் இல்லாமலா இருப்பான்?