வாக்கெடுப்புக்கு முன் வந்த பாசம்

நாட்டிலிருந்து பிரிந்து தனியே போவதா, சேர்ந்தே இருப்பதா என்று வாக்களித்த ஊர்க்காரர்கள் யாரையாவது நம் நீலகிரியில் சந்தித்திருக்கிறீர்களா? ‘போகாதீர்கள்’ என்று அவர்களிடம் கெஞ்சியவர்கள் எப்படிக் கெஞ்சினார்கள், அது எடுபட்டதா? கேட்டறிந்ததைச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து:

எங்கள் வீட்டு மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். ஒரு மழைக்காலத்தில் கனடாவின் மாண்ட்ரியாலிலிருந்து வயதான தம்பதி வந்து தங்கினார்கள். பாதையில் மண் சரிந்து மலை ரயில் நின்றுபோனதால் வெளியே கிளம்ப வழியில்லை. டீயும் வர்க்கியுமாகப் பேச்சு வளர்ந்து 1995க்குப் போய்விட்டது.

கணவர் கியூபெக் மாகாணத்தில் பிறந்த பிரெஞ்சு மொழிக்காரர். அம்மாள் ஒண்டாரியோ மாகாணம். அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று, கனடாவிலிருந்து பிரிவதா என்று கியூபெக்கில் வாக்கெடுப்பு. அதற்கு மூன்று நாள் முன்பு பிற மாகாணங்களிலிருந்து பல்லாயிரம் பேர் மாண்ட்ரியாலில் வந்து குவிந்து, ‘எங்களை விட்டுப் போகாதீர்கள்’ என்று கொடியசைத்தார்கள். அதற்காக விமானக் கட்டணத்தைக்கூடக் குறைத்தார்களாம். அப்போது இவர்கள் இருவருக்கும் அறிமுகமில்லை. கூட்டத்துக்குப் பஸ் பிடித்து வந்தவர்களில் அம்மாளும் ஒருவர். அதைச் சொல்லும்போது இன்றும் அவருக்குக் குரல் கம்முகிறது.

கணவருக்கு அது பிடிக்கவில்லை. “கியூபெக் தனித்தன்மை கொண்ட சமூகம் என்று அரசியல் சட்டத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டோம். 1990இல் அதற்கான மீச் ஏரி உடன்பாடு கவிழ்ந்தபோது இவர்களில் யாரும் பஸ் ஏறவில்லையே!” என்றார். அவர் பிரிவதற்கே வாக்களித்தாராம். முடிவு தெரியுமல்லவா? சேர்ந்திருக்க 50.58 சதவீதம், பிரிய 49.42. ஏறத்தாழ 47 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 54,288தான்.

எனக்கென்னவோ கணவர் பக்கமே மனம் சாய்ந்தது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகும் நாளில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் தம்பியைக் கட்டிக்கொண்டு அழும் அண்ணன்களை நாமும் பார்த்திருக்கிறோமே.

கூடலூரிலிருந்து:

அவர்களுக்கு வாக்குச்சீட்டாவது கிடைத்தது. எங்கள் அப்பாயி இலங்கையில் கண்டிப் பக்கம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஒப்பந்தம் போடுமுன் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து ‘உங்கள் விருப்பம் என்ன?’ என்று கேட்டவர் யாருமில்லை. குடியுரிமையை 1948லேயே பறித்தாயிற்று, பிறகு யார் கேட்கப்போகிறார்கள்! இங்கே வந்து, தாயகம் திரும்பியவர்களுக்கென்று தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி அதே கொழுந்து, அதே கூடை. அக்கம்பக்கத்தில் பெயர் மட்டும் ‘சிலோன்காரி’.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிங்கள மாணவர் ஆய்வுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல பையன். தட்டுத்தடுமாறிய தமிழில், “நீங்கள் போகாமல் அங்கேயே இருந்திருக்கலாம் ஆச்சி” என்றார். “உன் தாத்தா சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்” என்றார் அப்பாயி. பையன் எழுதிக்கொண்டார்.

கோத்தகிரியிலிருந்து:

தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஸ்காட்லாந்து பிரிவதா என்ற 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பில் அரை மனதாகப் பிரிட்டனோடு இருக்க வாக்களித்தவர். கருத்துக்கணிப்பு ஒன்றில் பிரிவினைப் பக்கம் முந்தியதும் லண்டன் தலைவர்கள் அலறியடித்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு ஓடிவந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு மூன்று கட்சித் தலைவர்களும் கையெழுத்திட்டு, கூடுதல் அதிகாரம் தருவோம் என்று ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் உறுதியளித்தார்களாம். 55 சதவீதம் பேர் இருக்கவே விரும்பினார்கள்.

அவரை உறுத்துவது வேறு. “பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் போய்விடும் என்று எங்களைப் பயமுறுத்தினார்கள். பிரிட்டன் ஒன்றியத்தில் இருப்பதா என்ற 2016 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் நீடிக்கவே வாக்களித்தோம். ஆனாலும் எங்களையும் சேர்த்து வெளியே இழுத்துப் போய்விட்டார்கள்.” சொன்னபடி வருமான வரி அதிகாரம் அதே ஆண்டுச் சட்டத்தில் வந்ததே என்றேன். அதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

குன்னூரிலிருந்து மறுபடியும்:

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த அம்மாளும் சும்மா இருக்கவில்லை. “நாங்கள் வராமலே இருந்திருந்தால், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அதையும் குறை சொல்லியிருப்பீர்கள்” என்றார். கணவர் வர்க்கியை டீயில் நனைத்தபடி, “ஆமாம், சொல்லியிருப்பேன்” என்றார்.